மூன்று தரம் கூப்பிடப்படும்

காது கேளாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அலுவலகம் ஒன்று வெள்ளவத்தையில் இருக்கிறது. காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத படிக்கட்டின் முடிவில். செவிநல அதிகார சபை என்று பெயர். உள்ளே போனதும் ஒரு பலகை: 'பெயர் மூன்று தரம் கூப்பிடப்படும். பதிலளிக்காதவர்கள் சமுகமளிக்காதவர்களாகக் கருதப்படுவர்.' இதை எழுதியவர் யோசிக்காமல் எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் எழுதினார். அதற்காகவே அவரைப் பணிப்பாளர் ஆக்கினார்கள்.

கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ் அந்தப் படிகளில் ஏறியது காதுக்காக அல்ல, மனைவி றஞ்சிதத்துக்காக. முப்பத்தெட்டு வருடம் ஒன்றாக இருந்த மனுசி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வத்தளையில் இருக்கிற மகள் ரொஷேல் வீட்டுக்குப் போய்விட்டாள். காரணத்தை ரொஷேல்தான் வந்து, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா சட்டி கழுவிக்கொண்டு உங்களிட்ட ஒண்டு கேட்டவவாம். மூண்டு தரம் கேட்டவவாம்."

"என்னத்தை?"

"'நான் செத்துப்போனா அழுவீங்களோ' எண்டு."

"நான் என்ன சொன்னனான்?"

"ஒண்டும் சொல்லேல்லையாம். வாழைப்பழத்தை உரிச்சுச் சாப்பிட்டிட்டுப் பேப்பர் வாங்கப் போனீங்களாம்."

கிளறன்ஸுக்கு அந்த வாழைப்பழம் ஞாபகம் இருந்தது. கேள்வி ஞாபகம் இல்லை. சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை என்று மாதாவின் படத்தைப் பார்த்துச் சொன்னார். ரொஷேல் பெருமூச்சு விட்டாள். அம்மாவிடம் வலுவான சாட்சிகள் இருந்தன. கிரிக்கெட் வர்ணனை அவருக்குக் கேட்கும். பூசையில் பாதர் பிரசங்கம் வைப்பது கேட்கும். ஒழுங்கைக்குள் மீன்காரன் கூவுவது கேட்கும். றஞ்சிதத்தின் குரல் மட்டும், அதுவும் வேண்டிய நேரத்தில் மட்டும், கேட்காது. இப்படி ஒரு காதை எந்தக் கோர்ட்டும் மன்னிக்காது.

"டொக்டரிட்ட எழுதி வாங்குங்கோ அப்பா. காது கேக்கேல்லை எண்டு அரசாங்கம் கடிதம் தந்தா அம்மா நம்புவா. அரசாங்கக் கடிதம் எண்டா அவவுக்கு ஒரு மரியாதை."

அதுதான் கிளறன்ஸுக்கு வேண்டியிருந்தது. ஒரு கடிதம், முடிந்தால் ஒரு கருவி. பம்பலப்பிட்டியில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்த ஒரு கடையில் விசாரித்தார். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு முச்சக்கர வண்டி பார்க்கலாம் போலிருந்தது. ஆகவே சபைக்கு வந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞர் பெண், முற்பதிவு தொலைபேசியில் மட்டும்தான் என்றாள். நேரில் வந்திருக்கிறேனே பிள்ளை என்றார் கிளறன்ஸ். நேரில் வந்தவர்களுக்கும் தொலைபேசியில் மட்டும்தான் என்றாள் அவள். அவர் இரண்டு எட்டுப் பின்னால் போய் வாங்கிலில் உட்கார்ந்து, கைபேசியில் சபையின் இலக்கத்தை அழுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் மணி அடித்தது. அவள் எடுத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கதைத்தார்கள். பெயர், விலாசம், பிறந்த திகதி எல்லாவற்றுக்கும் அவர் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். அவள் அவருடைய புதிய கோப்பைத் திறந்து முதல் குறிப்பை எழுதினாள்: 'தொலைபேசியில் தெளிவாக உரையாடினார்.'

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளறன்ஸ் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம், கப்பலின் மேல்தளத்தில் நின்று கிரேன்காரனுக்குக் கையால் சைகை காட்டிய ஆள். இறக்கு, நிறுத்து, கொஞ்சம் இடப்பக்கம், எல்லாம் கைதான். அந்த இரைச்சலுக்குள் ஆளுக்காள் கதைப்பதும் வாயைப் பார்த்துத்தான். முதலாளி ஏசினாலும், கூட வேலை செய்கிறவன் பகிடி விட்டாலும், உதட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதை ஒரு வித்தை என்று அங்கே ஒருவரும் நினைத்ததில்லை. கிளறன்ஸும் நினைக்கவில்லை. எதிரில் வாய் அசைந்தால் தனக்குக் கேட்கிறது என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

முற்பதிவு கிடைத்த நாளன்று காலை எட்டரைக்கே வந்துவிட்டார். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பெயர் கூப்பிடுகிறவர் கிருஷ்ணராஜ். வயிற்றின் அடியிலிருந்து வருகிற குரல். அரசகரும மொழிக் கொள்கையின்படி ஒவ்வொரு பெயரையும் சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் கூப்பிடுவார். கிளறன்ஸ் என்பது மூன்று மொழியிலும் கிளறன்ஸ்தான். இருந்தாலும் ஒவ்வொரு மொழிக்கும் கிருஷ்ணராஜ் நின்ற இடத்திலேயே ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதல் தரத்திலேயே கிளறன்ஸ் எழும்பிவிட்டார். அந்தக் குரல் அவருக்கு நன்றாகக் கேட்டது. கிருஷ்ணராஜுக்குப் பெரிய திருப்தி. "இந்த மாதம் சிங்களத்திலேயே எழும்பின முதல் ஆள் நீங்கதான் சேர்" என்று சொல்லி, கோப்பில் இரண்டாவது குறிப்பைத் தானே எழுதினார்.

பரிசோதகர் கூப்பிடும்வரை இருக்கச் சொன்னதால் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணின் அட்டை கண்ணில் பட்டது. மயிலம்மா. பம்பலப்பிட்டியில் மாடி வீடுகளில் துப்பரவு வேலை செய்கிறவள். கிருஷ்ணராஜ் அந்தப் பெயரை இரண்டு மொழியில் கூப்பிட்டு முடித்து, மூன்றாவதுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மயிலம்மா சுவரில் இருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளறன்ஸ் அவளுடைய தோளில் தட்டி, வாசலைக் காட்டினார். அவள் பதறி எழும்பிப் போனாள்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு தாள்.

"ஐயா, இதப் படிச்சுச் சொல்லுங்க" என்று உரத்துச் சொன்னாள். "எட்டு மாசமா வந்துகிட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு வாட்டியும் நீ வரலன்னு சொல்லி அடுத்த தேதி குடுப்பாங்க. இதே கதிரையிலதான் உக்காந்திருப்பேன். இன்னைக்கித்தான் உள்ள விட்டாங்க."

தாளில் எழுதியிருந்தது: 'விண்ணப்பதாரி பெயர் கூப்பிட்டதும் எழுந்து வந்தமையால் செவிக்குறைபாடு இல்லையெனத் தீர்மானிக்கப்பட்டது.'

அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று கிளறன்ஸுக்குத் தெரியவில்லை. சத்தமாகச் சொன்னால் கூடமே திரும்பிப் பார்க்கும். கடைசியில் தாளைக் காட்டி, அவளுடைய தோளில் தட்டிய தன் கையைக் காட்டி, அதே கையை இரண்டு பக்கமும் அசைத்து, இல்லை என்று காட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். "நல்லதுன்னுதானே தட்டுனீங்க" என்றாள். பிறகு தாளை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

தான் மட்டும் அவளைத் தட்டாமல் விட்டிருந்தால், அவள் வராத ஆளாகவே இன்னும் எட்டு வருடம் வந்திருக்கலாம் என்று கிளறன்ஸ் நினைத்தார். எது நல்லது என்று அவருக்கே விளங்கவில்லை. ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரப்படுவதற்கான படிவம் அந்தக் கூடத்தில் இருக்கவில்லை.

செவிப் பரிசோதகர் சுரேகாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அந்தக் கட்டடத்தில் காதைப் பற்றிப் படித்த ஒரே ஆள் அவள். அதனால் அவளுக்கு ஜன்னல் இல்லாத அறை கொடுத்திருந்தார்கள். அவள் அவரை ஒரு பெட்டி போன்ற சின்ன அறைக்குள் இருத்தி, காதுகளில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பிறகு வெளியே கூட்டிவந்து எதிரில் உட்கார்ந்து, சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். கதவு, பால், மீன், சீனி. கிளறன்ஸ் ஒன்றும் பிசகாமல் சொன்னார். அவள் மேசையில் இருந்த ஒரு கோப்பு மட்டையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். அவருக்கு ஒரு முணுமுணுப்பு மட்டும் வந்தது.

"இப்ப ஏன் மெதுவாக் கதைக்கிறீங்கள்?" என்றார்.

"அங்கிள், நான் அதே சத்தத்தில்தான் கதைக்கிறன்."

அவள் ஒரு தாளில் கோடு கீறிக் காட்டினாள். கோடு இடப்பக்கத்தில் ஒழுங்காகப் போய், நடுவில் படியில் தடுக்கியது போல் விழுந்து, வலப்பக்கத்தில் அடிமட்டத்தில் கிடந்தது.

"கனத்த குரல் உங்களுக்கு வடிவாக் கேக்கும். ஆம்பிளையளின்ர குரல், வாகனச் சத்தம் எல்லாம் கேக்கும். மெல்லிய குரல்தான் போயிட்டுது. பொம்பிளையள், சின்னப் பிள்ளையள். ஹாபர் இரைச்சலில இருந்தவைக்கு இப்பிடித்தான் போறது. மிச்சத்தை நீங்கள் வாயைப் பாத்துச் சமாளிச்சிருக்கிறீங்கள். எத்தினை வருசமோ தெரியாது. வீட்டில ஆரும் முதுகைக் காட்டிக்கொண்டு கதைச்சா உங்களுக்கு ஒண்டும் கேக்காது."

கிளறன்ஸ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய குசினியில் அடுப்பும் தொட்டியும் சுவர்ப் பக்கமாகத்தான் இருந்தன. றஞ்சிதம் இத்தனை வருடமும் சொன்னதில் பாதிக்கு மேல் சுவருக்குத்தான் போயிருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது.

சுரேகா ஒரு டப்பாவைத் திறந்து, பரீட்சித்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் இரண்டு கருவிகளை அவருடைய காதுகளுக்குப் பின்னால் பொருத்தினாள். கணினியில் எதையோ கூட்டினாள், எதையோ குறைத்தாள். கனத்த சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை, மெல்லியதை மட்டும் தூக்கவேண்டும், இரண்டு காதுக்கும் வேண்டும், ஒன்றுக்குப் போட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்றே தெரியாது என்று விளங்கப்படுத்தினாள். அவருக்கு முதலில் கேட்டது அவளுடைய வளையல்கள். பிறகு தாள். பிறகு வெளியே ஒரு அணில்.

"இதுதான் உங்களுக்குச் சரியான கருவி. நான் எழுதித் தாறன். ஆனா தெரிவு செய்யிறது நான் இல்லை, குழு. கருவியளை இப்ப கழட்டவேணும்."

தெரிவுக் குழு என்பது பணிப்பாளர் இராசரத்தினமும் இரண்டு காலிக் கதிரைகளும். கதிரைக்காரர் இருவரும் வெளிநாட்டில் செவிநல மாநாட்டில் இருந்தார்கள். அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் புத்தம் புதிய கருவிகள் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தன. முன்னால் ஒரு சிவப்பு நாடா. திறப்புவிழாவில் யாரோ அதை வெட்ட மறந்துவிட்டதால் அலுமாரி இன்னும் உத்தியோகபூர்வமாகத் திறக்கப்படவில்லை.

பணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். நல்ல கனத்த குரல் அவருக்கு.

"எந்தக் காதுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?"

"ரெண்டுக்கும் எண்டு மிஸ் எழுதியிருக்கிறா சேர்."

"ஒரு பிரசைக்கு ஒரு காது. மற்றக் காது இன்னொருவருடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பகிர்ந்து வாழ்வதுதானே நாடு." கோப்பில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். "அது இருக்கட்டும். நான் கதைப்பது உங்களுக்குக் கேட்கிறதா?"

"ஓம் சேர்."

பணிப்பாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கதவோரம் நின்ற சுரேகாவைப் பார்த்தார்.

"பார்த்தீர்களா மிஸ்? கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது என்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

"சேர், உங்கட குரல் கேக்கும். அதைத்தான் நான் கீறிக் காட்டியிருக்கிறன். வாயை மறைச்சுக்கொண்டு ஒரு பொம்பிளை கதைச்சா..."

"அரச அலுவலகத்தில் ஒருவரும் வாயை மறைத்துக்கொண்டு கதைப்பதில்லை."

"அப்ப அவர் கேக்கேல்லை எண்டு சொல்லியிருந்தா, சேர்?"

"கேள்வி கேட்காவிட்டால் அதற்குப் பதில் எப்படிச் சொல்வார்? பதில் சொன்னால் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்றால் பொய். பொய் சொல்பவருக்கு அரச உடைமை கொடுக்க முடியாது."

"ஒண்டும் சொல்லாமல் இருந்தா?"

"சமுகமளிக்கவில்லை."

பணிப்பாளர் எழும்பினார். பேச்சு வரப்போகிறது என்பது அவர் கோட்டின் பொத்தானைப் போட்ட விதத்தில் தெரிந்தது.

"நான் இந்தக் கதிரைக்கு வந்தபோது மேல்மாகாணத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்குக் காது கேட்கவில்லை. இன்றைக்கு முந்நூற்று நாற்பது பேர். ஒரு கருவி கூடச் செலவாகவில்லை. அலுமாரியைப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள். வேறு எந்த நாடு இதைச் செய்திருக்கிறது? எப்படிச் செய்தோம்? பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். மனிதனுக்கு மனிதன் கூப்பிடுவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. அடுத்த வருடம் பார்வைச் சபையையும் என்னிடம் தருகிறார்கள். அங்கேயும் ஒரு பலகை வைக்க யோசித்திருக்கிறேன்."

கிளறன்ஸ் கையைக் கூப்பினார். "சேர், கருவி வேண்டாம். கேக்கேல்லை எண்டு ஒரு கடிதம் மட்டும் தாங்கோ. மனுசிக்குக் காட்டத்தான். அவ வீட்டை விட்டுப் போயிட்டா."

"கடிதம் நிச்சயம் வரும்" என்றார் பணிப்பாளர் அன்பாக. "உங்களுக்கு ஒன்று. குறைபாட்டை முதலில் அவதானித்தவர் என்று படிவத்தில் யாரை எழுதினீர்களோ அவருக்கு ஒன்று. பதிவுத் தபாலில்."

படிவத்தில் அவர் எழுதியிருந்தது றஞ்சிதத்தின் பெயர், வத்தளை விலாசம்.

கொட்டாஞ்சேனைக்கு வந்த பிரதி வியாழக்கிழமை கையில் கிடைத்தது. 'மேற்படி விண்ணப்பதாரியின் செவிப்புலன் பூரண நிலையில் உள்ளதென இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது. குடும்பத்தவர்கள் இனிமேல் இது தொடர்பில் ஐயம் கொள்ளத் தேவையில்லை.' கீழே நீல மையில் முத்திரை. மேன்முறையீடுகள் வாய்மொழியாக, தொலைபேசியில் மட்டும்.

வெள்ளி காலையில் அவர் மறுபடி மூன்று மாடி ஏறினார். யாரிடம் கத்துவது என்று முடிவு செய்யாமலே ஏறினார். படியிலேயே சுரேகா மறித்தாள். அவருடைய கடிதத்தை வாங்கிப் படித்தாள். உள்ளே போய், அந்தப் பரீட்சார்த்தக் கருவிகள் இரண்டையும் கொண்டுவந்து அவருடைய காதுகளில் மாட்டினாள்.

"திருத்த வேலைக்குப் போயிட்டுது எண்டு பதிஞ்சிட்டன். திங்கள் பத்து மணிக்குக் கணக்கெடுப்பு. அதுக்கு முதல் கொண்டுவந்து தாங்கோ, இல்லாட்டி என்ர வேலை போகும்."

பிரச்சினை என்னவென்றால், வத்தளைக்குப் போன கடிதமும் வியாழனே போய்ச் சேர்ந்திருந்தது.

கிளறன்ஸ் ரொஷேல் வீட்டுக் கேற்றைத் திறந்தபோது பகல் பதினொரு மணி. முன்கதவு திறந்திருந்தது. உள்ளே குசினியில், முதுகைக் காட்டிக்கொண்டு, றஞ்சிதம் மகளிடம் மெல்லச் சொல்வது கேட்டது. மெல்லச் சொல்வது கேட்டது! அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வந்திட்டாராக்கும். அந்தக் கடிதத்தை எடுத்து அவரிட்டக் காட்டு, ரொஷேல்."

"என்னட்டையும் ஒண்டு இருக்கு" என்றார் கிளறன்ஸ், சந்தோசத்தில், யோசிக்காமல்.

றஞ்சிதம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"கண்டியே பிள்ளை? கேக்குது. முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதும் கேக்குது. அரசாங்கம் பொய் சொல்லுமோ? முப்பத்தெட்டு வருசம்."

கிளறன்ஸ் பதறிப்போய் மிசினைப் பற்றிச் சொன்னார், சுரேகாவைப் பற்றி, அவள் கீறிய கோட்டைப் பற்றி, கிருஷ்ணராஜைப் பற்றி, மயிலம்மாவைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் போலத்தான் இருந்தது. அப்படி ஒரு அலுவலகம் இருக்கும் என்று யார் நம்புவார்கள்? கடைசியில் இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றி, றஞ்சிதத்தின் ஈரக் கையை இழுத்து அதில் வைத்தார்.

"இப்ப திரும்பி நில்லும். என்னவெண்டாலும் சொல்லும்."

"கேட்டும் கேக்காத மாதிரி நிப்பீங்கள்."

அவளுடைய வாயைப் பார்த்தபடியால் அது அவருக்குத் தெரிந்தது. "நிண்டா நிக்கிறன். நீர் சொல்லும்" என்றார்.

றஞ்சிதம் தொட்டிப் பக்கம் திரும்பினாள். அவருக்குத் தெரிந்தது அவளுடைய கொண்டையும் சட்டையின் பின்பக்கமும்தான். தோள்கள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. குழாய்த் தண்ணீர் ஓடுவது போல் தூரத்தில் ஏதோ ஒரு சத்தம். ரொஷேல் முதலில் "அம்மா!" என்று வாயைப் பொத்தினாள். பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். அவளுடைய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. கிளறன்ஸ் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி, பொறுமையாக, இலேசாகச் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

றஞ்சிதம் சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடமும் இளக்காரம் என்று அவள் நினைத்திருந்த அதே முகம். இப்போது சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு மனுசன் அந்த முகத்தோடு நிற்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் என்ன சொன்னனான்?"

"தெரியாது" என்றார் கிளறன்ஸ்.

றஞ்சிதம் கையைத் துடைத்து, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தானே அவருடைய காதுகளுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். அரசாங்கக் கடிதத்தை எடுத்து அடுப்படியில் எண்ணெய்ப் போத்தலுக்கு அடியில் விரித்தாள்.

"இப்ப திருப்பிச் சொல்லுமன்" என்றார் அவர்.

"மாட்டன். அது காது கேக்காத மனுசனுக்குச் சொன்னது. உங்களுக்கில்லை."

இரண்டு பைகளையும் கட்ட அரை மணித்தியாலம் போனது. திங்கள் பத்து மணிக்குக் கருவிகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதை அவர் கேற்றடியில் வைத்து அவளிடம் சொன்னார். றஞ்சிதம் விரல் விட்டு எண்ணினாள். அன்று பின்னேரம், சனி, ஞாயிறு. கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. அவரை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரவைத்துவிட்டு, நேரே முன்னால் பார்த்தபடி, கொண்டக்டர் ரிக்கற் கிழிக்க முதலே அவள் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.